மழையில் நின்றுபோன வைப்பர்

2006-ஆம் வருடம், ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகையும் அடித்து முடித்திருந்தோம். எங்கள் வீடு திருப்பூர் வேலம்பாளையத்தில். மாப்பிள்ளைக்குத் தாராபுரம். மண்டபமும் தாராபுரத்திலேயே பிடித்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் நான் இங்கிருந்து கிளம்ப வேண்டும். எந்தக் காரில் கிளம்புவது என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை.

மாப்பிள்ளை வீட்டார் புதுக் கார் ஒன்றை அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். அம்மாவுக்கும் அதுவே சரியென்று பட்டது. நான் மட்டும், அப்பாவின் காரில்தான் போவேன், அதையும் அப்பாதான் ஓட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பிடிவாதத்தில் எனக்கு எங்கள் தெருவிலேயே முதல் இடம். ஆனால் அப்பா அந்தக் காரைத் தொட்டே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அப்பா கல்யாணக் கார் ஓட்டியவர். அவருடையது ஐம்பதுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய கார். ஒரு மில் முதலாளி வீட்டிலிருந்து வாங்கியது. அதில் பூ அலங்காரம் செய்து நிறுத்தினால் மாப்பிள்ளையைக்கூட யாரும் பார்க்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இருபது வருடமாக எத்தனையோ பெண்களை அப்பாதான் புகுந்த வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அந்தக் காரின் வைப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போதைய கார்களில் வைப்பருக்குத் தனியாகக் கரண்ட் மோட்டார் இருக்கும். அப்பாவின் காரில் அது கிடையாது. இன்ஜின் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கிறது இல்லையா, அந்த உறிஞ்சலில் ஒரு பங்கை டியூப் வழியாகக் கொண்டுபோய் வைப்பரை ஆட்டுவார்கள். கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டிலும் அதே உறிஞ்சலில்தான் வேலை செய்யும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் உறிஞ்சல் குறைந்து வைப்பர் சோம்பிப்போகும். காலை எடுத்தால் மறுபடி சுறுசுறுப்பாகிவிடும். அப்பாவுக்கு அது பழகிப்போன விஷயம்.

முந்தைய வருடம் சித்திரை மாதம், ஒரு கல்யாண ஜோடியை ஏற்றிக்கொண்டு தாராபுரம் போய்க்கொண்டிருந்தார். குண்டடம் தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. நல்ல ஓட்டத்தில் வைப்பர் நின்றுவிட்டது. எதிரே சைக்கிளில் ஒருவர் வருவது கடைசி நிமிடத்தில்தான் தெரிந்திருக்கிறது. ஒடித்துத் திருப்பியதில் கார் புளியமரத்தை உரசிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி நின்றது. சைக்கிள்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு நெற்றியில் நான்கு தையல்.

மறுநாள் மெக்கானிக் வந்து எங்கள் ஷெட்டில் காரை ஸ்டார்ட் செய்து வைப்பரைப் போட்டார். அது ஒழுங்காக இடமும் வலமும் ஆடியது. கூடியிருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டிரைவர் தூங்கிவிட்டார் என்ற பேச்சு அதற்கு முன்பே தாராபுரத்திலிருந்து கிளம்பி வேலம்பாளையம் வந்து சேர்ந்திருந்தது.

"மேட்டுல மெதுவாகறது வேறீங்க. அது எனக்குத் தெரியும். காலை எடுத்தா வந்துரும். அன்னிக்குக் காலை எடுத்தும் வரலீங்க. செத்துப் போச்சுங்க," என்று அப்பா ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

நானும் நம்பவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். மூன்றாம் நாள், சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்கப்பா, ஒருக்கா கண்ணு டாக்டரைப் பாத்துட்டு வந்துரலாமுங்களா?" என்று கேட்டேன். நல்லதை நினைத்துத்தான் கேட்டேன். அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அடுத்த நாள் காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். அந்த மாதமே ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார்.

இப்போது கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. உண்மையைச் சொன்னால், வைப்பரில் கோளாறு இருக்கும் என்று நினைத்து நான் இறங்கவில்லை. எதையாவது ஒரு சாமானை மாற்றி, சரியாகிவிட்டது என்று சொல்லி, ஏமாற்றியாவது அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். ஊரில் எல்லாப் பெண்களையும் கொண்டுபோய் விட்டவர், சொந்தப் பெண்ணை வேறு யாரோ ஒரு டிரைவரோடு அனுப்பிவிட்டு வாசலில் நிற்பதா? அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மெக்கானிக்கை வரவழைத்துப் புது பேட்டரி போட்டு, பெட்ரோல் டேங்கைக் கழுவி, இரண்டு நாள் போராடி இன்ஜினை ஓடவைத்தோம். வைப்பரைப் போட்டதும் அது வழக்கம்போல அருமையாக ஆடியது. "இதுல ஒன்னுமே இல்லீங்க அம்மிணி. ஐயாவுக்கு வயசாயிப்போச்சு, அதைச் சொன்னா அவருக்குக் கோவம் வந்துரும்," என்று சிரித்துவிட்டுப் போனார் மெக்கானிக்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய், வைப்பர் நன்றாக ஓடுகிறது, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அப்பா ஷர்ட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"வேண்டாங் கண்ணு. எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குது. இத்தன பேரு சொல்றாங்க. தூங்கித்தான் போயிட்டனோ என்னமோ."

ஊர் நம்பாதது ஒரு பக்கம். இந்த மனுஷனே தன்னை நம்பாமல் போய்விட்டாரே! அந்த நிமிடத்தில் என் ஏமாற்றுத் திட்டத்தைத் தூக்கிப் போட்டேன். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பா தூங்கினாரா, வைப்பர் நின்றதா? எட்டு நாள் இருக்கிறது.

நான் ஒரு பனியன் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் எங்கள் கம்பெனியிலும் காற்று ஓடும். கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு மெஷினுக்கும் வரும். எங்காவது காற்று ஒழுகினால் மெஷின் மெக்கானிக் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு இணைப்புகளில் தடவுவார். நுரை பொங்குகிற இடத்தில் ஓட்டை. தினமும் பார்க்கிற வேலை, இதற்குப் பெரிய படிப்பா வேண்டும்?

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் ஒரு டம்ளரில் சோப்பைக் கரைத்தேன். காரை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் தூக்கி, இன்ஜினில் தொடங்கி வைப்பர் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். நடுவில் இருந்த நீளமான டியூப் மட்டும் புதுசு, நானே வாங்கி வந்து கொடுத்தது. அதனால் அதில் பேருக்குத்தான் பிரஷ்ஷை இழுத்தேன். கால் மணி நேரம் குனிந்து கிடந்ததில் முதுகு விட்டுப்போனது. ஒரு இடத்திலும் ஒரு நுரைகூட வரவில்லை.

"அடுத்த வாரம் நலங்கு வெக்கற பொண்ணு கையப் பாருங்க! மருதாணி வெச்சாக்கூட இந்தக் கருப்புல தெரியாது," என்று அம்மா ஜன்னலிலிருந்து கத்தினார். யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் சுவரிடம் சொல்லுவார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டை இல்லை என்றால் வைப்பர் நின்றிருக்காது. வைப்பர் நிற்கவில்லை என்றால் அப்பா தூங்கித்தான் போயிருக்கிறார். அவ்வளவுதானே கணக்கு!

மறுநாள் டீ நேரத்தில் கம்பெனியில் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அயர்ன் செக்‌ஷன் பெண் வந்து உட்கார்ந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து நல்லூரில் வாடகைக்கு இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய் மட்டும் இரண்டு மடங்கு பெரியது. நடந்ததை எல்லாம் சொன்னேன். சோப்புத் தண்ணீர் கதையைக் கேட்டதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"யக்கா, சோப்புத் தண்ணி ஊதுத காத்துக்குல்லா! இது உறிஞ்சுத காத்து. ஓட்டை இருந்தா நுரையை உள்ள இழுத்துக்கிடும். வெளிய எப்படிக் காட்டும்?"

எனக்குக் கோபமாக வந்தது, அவள் மேல் இல்லை, என் மேல்தான். பனியன் கம்பெனியில் பத்து வருடம் இருந்தும் இது தோன்றவில்லை பாருங்கள். எங்களுக்குக் காற்று என்றாலே கம்ப்ரசர் காற்று, வெளியே தள்ளுகிற காற்று. அவளுக்கு அப்படி இல்லை. அயர்ன் போடுகிற மேஜையில் துணியை விரித்து, காலால் பெடலை மிதித்தால் மேஜை துணியைக் கீழே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அவள் நாள் முழுக்க உறிஞ்சுகிற காற்றோடு வாழ்பவள்.

அவள் என்னைக் கையைப் பிடித்துத் தன் மேஜைக்கு இழுத்துப் போனாள். துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சுத் துகளை எடுத்து மேஜையின் விளிம்பு ஓரமாக நகர்த்தினாள். ஒரு மூலையில் பஞ்சு விருட்டென்று உள்ளே போனது. "பாத்தியளா, இங்கன மேல்துணி கிழிஞ்சிருக்கு." பிறகு மேஜையின் பாதியை ஒரு பனியனால் மூடினாள். மறுபாதியில் என் கையை வைக்கச் சொன்னாள். இழுப்பு கூடியிருந்தது. "எங்க வீணாப் போகுதுன்னு தெரியலன்னா, ஒவ்வொரு பக்கமா அடைச்சுப் பாக்கணும். அடைச்சதும் மத்த பக்கம் தெம்பாச்சுன்னா, அடைச்ச பக்கம்தான் களவாணி."

"ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாரியா?" என்று கேட்டேன்.

"சர்ச்சுக்குப் போயிட்டு நேரா வந்துருதேன்க்கா."

சொன்னபடி வந்தாள். சர்ச்சுக்கு உடுத்திய பட்டுப் புடவையோடு வந்து, என் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். முதலில் பஞ்சை நீட்டியதும் இன்ஜின் ஃபேன் அதை ஊதி என் கண்ணிலேயே கொண்டுவந்து அப்பியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு ஒரு அட்டையால் ஃபேன் காற்றை மறைத்துக்கொண்டு, நூலின் நுனியில் பஞ்சைக் கட்டித் தொங்கவிட்டபடி டியூப்களின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம்.

தண்ணீர் பாட்டிலுக்குப் பிரிகிற இணைப்புக்கு வந்ததும் நூல் வெடுக்கென்று ஒட்டிக்கொண்டது! ரப்பர் வெடித்திருந்தது. அந்தப் பிரிவைத் துணி கிளிப்பால் இறுக்கிப் பிடித்தேன். வைப்பர் இன்னும் வேகமாக ஆடியது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். சைக்கிள் டியூபை வெட்டி அந்த இணைப்பை இறுக்கிக் கட்டினோம். அம்மா சந்தோஷத்தில் சுவரை விட்டுவிட்டு எங்களிடமே நேராகப் பேசி டீ கொடுத்தார்.

அப்பா அன்று பகல் டியூட்டி. அவர் வந்ததும் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே யோசனையாகச் சொன்னாள்.

"யக்கா, இதுவும் ஓட்டைதான். ஆனா இம்புட்டு ஓட்டைக்கு வைப்பர் மெதுவாத்தானே ஆகும்? உங்கப்பா செத்தே போச்சுன்னுல்லா சொன்னாவ?"

இந்தக் கேள்வியை ஒன்றரை வருடத்தில் யாருமே கேட்கவில்லை. மெதுவாகிற வைப்பருக்கும் செத்துப்போகிற வைப்பருக்கும் வித்தியாசம் உண்டு என்று அப்பா எத்தனை பேரிடம் சொன்னார்! அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருத்திதான் அதைக் காதில் வாங்கியிருக்கிறாள்.

"நம்ம டேபிளும் காலையில நல்லா இழுக்கும்க்கா. சூடேறுனப்புறம்தான் சண்டித்தனம் பண்ணும். வண்டியை ஒரு மணி நேரம் ஓட விடுங்க. குண்டடம் போவ எம்புட்டு நேரமாவுமோ, அம்புட்டு நேரம்."

அதுவும் யாருக்கும் தோன்றாததுதான். மெக்கானிக்கோ நானோ ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவோம், அதுவும் பானெட்டைத் திறந்துவைத்து. இன்ஜினை நன்றாகச் சூடாகவே விட்டதில்லை.

பானெட்டை மூடி, இன்ஜினை ஓடவிட்டோம். நான் ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வெளியே நின்று சொம்பால் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆனது. வைப்பர் சளைக்காமல் துடைத்தது. இரண்டு குடம் தண்ணீர் காலியானது. அம்மா மூன்றாவது குடத்தைக் கொடுக்கமாட்டேன் என்றார்; அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாள் இல்லை. கெஞ்சி வாங்கினோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்குக் கால் மரத்துப்போனது, மனசும் விட்டுப்போகத் தொடங்கியது. இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வைப்பர் ஒருமுறை திக்கியது. பாதிவரை வந்து யோசித்தது. பிறகு கண்ணாடியின் நட்டநடுவில் அப்படியே நின்றுவிட்டது.

நான் சட்டென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வரவில்லை. அப்பா சொன்னது போலவே, காலை எடுத்தும் வரவில்லை!

"நின்னு போச்சு! நின்னு போச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வைப்பர் நின்றுபோனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற பைத்தியத்தை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். "ஊத்திக்கிட்டே இரு, எதையும் தொடாத" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அம்மாவையும் கார் பக்கம் போக வேண்டாம் என்றுவிட்டு, என் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். அப்பாவின் கம்பெனி மூன்று தெரு தள்ளித்தான். கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நின்னு போச்சுங்கப்பா! வாங்க, வந்து பாருங்க! காலை எடுத்தும் வரலீங்கப்பா!"

அப்பாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், உள்ளே இருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாட்ச்மேன் தொப்பியோடு அப்படியே பின்னால் ஏறிக்கொண்டார்.

நாங்கள் போனபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வைப்பர் நடுவில் செத்துக் கிடந்தது. அப்பா காரின் முன்னால் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இப்பிடித்தானுங்க நின்னுச்சு," என்றார். அயர்ன் செக்‌ஷன் பெண்ணிடம்தான் சொன்னார். யாரென்றே தெரியாத அவளிடம், கையைக் காட்டிக் காட்டி, "இதே எடத்துல, இதே மாதிரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பானெட்டைத் திறந்தோம். ஓட்டை எதுவும் இல்லை. அந்த நீளமான டியூப், இன்ஜினின் சூடான பக்கத்தை ஒட்டிப் போகிற இடத்தில், நாடா போலச் சப்பிப்போய்க் கிடந்தது. சூட்டில் இளகி, உறிஞ்சல் இழுத்த இழுப்பில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வழியே அடைபட்டுப்போனால் வைப்பர் எப்படி ஆடும்? அப்பா இன்ஜினை அணைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டியூப் மெல்லப் பழையபடி உருண்டையானது. இரண்டு நிமிடத்தில், அது சப்பிப்போன சுவடே இல்லை. இப்படித்தான் ஒன்றரை வருடமாக எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறது.

என் சந்தோஷம் அங்கேயே நின்றது. அது நான் கொடுத்த டியூப்.

அந்த விபத்துக்குச் சில வாரம் முன்னால் பழைய ரப்பர் குழாய் வெடித்துவிட்டது என்று அப்பா சொன்னார். அந்தக் காருக்குச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு. "எங்க கம்பெனியிலயே கெடைக்குதுங்கப்பா" என்று பெருமையாகச் சொல்லி, தூசி ஊதுகிற ஏர் கன்னுக்குப் போடுகிற டியூபில் மிச்சம் கிடந்த ஒரு துண்டை மெஷின் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வந்தேன். எவ்வளவு காற்றடித்தாலும் தாங்கும் என்றார் அவர். உண்மைதான், உள்ளேயிருந்து தள்ளினால் தாங்கும். உள்ளே இழுத்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நாளும் மழை இல்லாததால் வைப்பரைப் போடவே வேலை வரவில்லை.

யாரோ ஒரு மாப்பிள்ளையின் நெற்றியில் தையல், ஒரு சைக்கிள்காரருக்கு மயிரிழையில் தப்பிய உயிர், அப்பாவின் இருபது வருடப் பெயர், எல்லாம் என் கையிலிருந்த அந்த ஒரு துண்டு டியூபால். இவ்வளவையும் செய்துவிட்டுக் கண் டாக்டரைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறேன்.

"அப்பா, இது நான் கொண்டாந்ததுங்க" என்றேன்.

அப்பா டியூபைக் கழற்றி விரலால் அழுத்திப் பார்த்தார். "கொண்டாந்தது நீ. அழுத்திப் பாக்காம மாட்டுனது நானு. பாதிப் பாதி வெச்சுக்கலாங் கண்ணு," என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "சாமி, நீங்க சாப்புட்டீங்களா?" என்று கேட்டார். அவளை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பிடாமல் அனுப்பியதே இல்லை.

திங்கட்கிழமை அப்பாவே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். வேன்களில் பிரேக்குக்கு இதே மாதிரி உறிஞ்சலைக் கொண்டுபோகிற தடித்த ஹோஸ் உண்டு, உள்ளே துணி வைத்துச் செய்தது. அதை வாங்கி வந்து சூடான பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி மாட்டினார். மாட்டுவதற்கு முன்னால் ஒரு நுனியை வாயில் வைத்து, மறு நுனியைப் பொத்திக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போகும் வரை உறிஞ்சிப் பார்த்தார். ஹோஸ் அசையவில்லை. அன்று ஒரு மணி நேரம், மறுநாள் ஒன்றேகால் மணி நேரம் காரை ஓடவிட்டோம். அம்மா முகத்தைச் சுளிக்காமல் தண்ணீர் கொடுத்தார். வைப்பர் நிற்கவில்லை.

இருந்தாலும் அப்பா வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளைக்குப் போன் செய்து, கார் அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். "மழைக் காலமுங்க, அந்தக் கார்லயா?" என்று அவர் இழுத்தார். "ஆமாங்க, அந்தக் கார்லதானுங்க" என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு என் குணம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது என்று பட்டது.

கிளம்புகிற நாள் மத்தியானம் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் பட்டுப்புடவையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் அம்மாவும் அந்தப் பெண்ணும். அவிநாசிபாளையம் தாண்டும்போதே வானம் இருட்டியது. குண்டடத்துக்கு முன்னால் மழை கொட்ட ஆரம்பித்தது. அப்பா வைப்பரைப் போட்டார். குண்டடம் தாண்டி ஒரு மேடு வந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வைப்பர் மெதுவானது, இன்னும் மெதுவானது. கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்தது. நான் சேலை முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் கையில் நரம்பு புடைத்திருந்தது.

அவர் ஒரு நொடி காலை எடுத்தார். வைப்பர் விசுக்கென்று கண்ணாடியை வழித்துத் தள்ளியது.

"பாத்தியா கண்ணு? காலை எடுத்தா வந்துரோணும்," என்றார். முதல் நாள் லைசென்ஸ் வாங்கிய பையனைப் போல முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அழுத அழுகையில் கண் மை எல்லாம் கரைந்து, மண்டபத்தில் இறங்கியபோது வரவேற்க வந்த பெண்கள், பெண்ணுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லையோ என்று பயந்துபோனார்கள்.

கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம், தாராபுரத்திலேயே இருந்த அந்த நெற்றித் தையல்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அப்பாவை அழைத்துப் போகவில்லை. அப்பா தூங்கவில்லை, டியூப் என்னுடையது என்று சொன்னேன். அவருடைய மனைவிக்கு கோபத்தில் முகம் சிவந்தது, சிவக்கத்தானே செய்யும். அவர் மட்டும் தழும்பைத் தடவிக்கொண்டு, "அதை இத்தன தூரம் வந்து சொல்லோணுமுங்களா?" என்றார். சொல்ல வேண்டும் என்றேன். அடுத்த தை மாதம் அவர் தங்கை கல்யாணத்துக்கு அப்பாவின் காரைத்தான் கூப்பிட்டார்கள்.

டியூப் மாட்டிய தப்பை அப்பா அன்றைக்கே பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார். நடந்ததை நடந்தபடி சொன்ன மனுஷனை நம்பாமல், கடைசியில் அவரே தன்னைச் சந்தேகப்படுகிற வரைக்கும் விட்டுவைத்த தப்பு மட்டும் முழுசாக என்னுடையது, அதை நான் இன்று வரை யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை.